என் வாயைப் பார்க்கும் எட்டுப் பேர்

செப்டம்பர் 3, செவ்வாய்

பதினோராவது ஒத்திகை. நடுவழியில் நின்றுபோன பஸ்ஸில் எட்டுப் பேர், அவ்வளவுதான் நான் எழுதிய நாடகம். ஒருவரையொருவர் பார்த்துப் பேசுங்கள் என்றால் எட்டுப் பேரும் என்னையே பார்க்கிறார்கள். கண்டக்டர், டிரைவரோடு சண்டை போடும்போதும் முகம் என் பக்கம். நானா வண்டி ஓட்டினேன்?

பத்தாவதைத் தாண்டாதவனைப் பள்ளிக்கூடத்தில் சார் என்கிறார்கள். அதைவிடப் பெரிய நாடகம் ஏது?

செப்டம்பர் 5

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். "போன வருஷம் மாதிரி பாதியில திரையை மூடினீங்கன்னா, நாடக வகுப்பை எடுத்துட்டு கம்ப்யூட்டர் வச்சிடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

நினைக்கவில்லை. குடித்த தேநீர்தான் புரையேறியது.

செப்டம்பர் 9

இன்றும் என்னையே. நாற்காலியை உதைத்தேன். வலி எனக்கு.

செப்டம்பர் 10

கிழவியாக நடிப்பது என் மகள். பள்ளியில் 'சார்', வீட்டில் 'அப்பா'. ஒத்திகையில் அவளையும் திட்டித் தீர்த்தேன். சாயங்காலம் போனை நீட்டினாள். "நீங்களே பாருங்கப்பா."

மேடையை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்திருக்கிறாள். எட்டுப் பேர் வசனத்துக்கும் என் வாய் அசைகிறது. டிரைவர் கொட்டாவி விடுவதற்கு முன்பே நான் விட்டாயிற்று.

"உங்க வாயைப் பாத்துதான் பேசறோம். யாரும் மனப்பாடமே பண்ணலப்பா."

மனைவி அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள்.

செப்டம்பர் 11

வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் திகைத்து நின்றான். "சார், மிட்டாய் இருக்கிறதால ஒண்ணும் புரியல சார்."

செப்டம்பர் 13

"எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டோம். நாளைக்கு நாடகம் நடக்கறப்ப நீங்க அரங்கத்துக்குள்ள வராதீங்கப்பா."

எட்டு மாசம் உக்காந்து எழுதினவன் வெளிய நிக்கணுமாம். நான் என்ன செருப்பா? — சரி. செருப்புதான். வகுப்பு தப்பினால் போதும்.

செப்டம்பர் 14, சனி

சைக்கிள் நிறுத்தத்தில் நின்றேன். உள்ளே பேசுவது ஜன்னல் வழியே கேட்டது. சைக்கிள்களைப் பார்த்து எட்டு வேஷமும் நடித்தேன். காவலாளி ஒரு மாதிரி பார்த்தார்.

மூன்றாம் காட்சியில் திடீரென்று சத்தமே இல்லை. அங்கே அப்படி ஒரு மௌனத்தை நான் எழுதவில்லை. கண்டக்டர் மறந்துவிட்டான். வசனம் என் நாக்கு நுனியில். கால் ஜன்னல் பக்கம் போய்விட்டது.

கிழவியின் குரல்: "வண்டிதான் நின்னுபோச்சு, நீயுமா தம்பி? இறங்கித் தள்ளட்டுமா?"

அரங்கம் சிரித்து ஓய நேரமாயிற்று. அதற்குள் அவனுக்கு வசனம் வந்துவிட்டது.

நான் எழுதாத வரி. என் வாய் மூடியிருந்தது.

கடைசிவரை திரையை யாரும் மூடவில்லை.

செப்டம்பர் 16

புதிய அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளி, கடைசி வகுப்பு: நாடகம்.

"உங்க நாற்காலியை எங்க போடட்டும் சார்?" என்றார் காவலாளி.

சைக்கிள் நிறுத்தத்தைக் காட்டினேன்.