பந்தல் வலி என்று நினைத்தேன், மதினி

என் பிரியமான மதினிக்கு,

என் மசாஜ் அறையைத் திரும்பத் திறந்துவிட்டேன். வேறு யாராவது சொல்லி உங்கள் காதில் விழுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குமுளியில் மசாஜ் வேலை கற்று, ஆறு வருஷம் அங்கேயே செய்துவிட்டு நான் சின்னமனூருக்கு வந்து கடை போட்டபோது, சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நீங்கள் மட்டும் திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக வந்து முதல் ஆளாகப் படுத்தீர்கள். "நம்ம வீட்டுப் பிள்ளை படிச்சுட்டு வந்திருக்கா. எனக்கென்ன வெக்கம்?" என்று அண்ணனையே கேட்டீர்கள்.

திராட்சைப் பந்தலடியில் நாள் முழுக்கக் கையைத் தூக்கி, அண்ணாந்தபடி கொத்துகளைச் சரிசெய்கிறவர்களுக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? நீங்களெல்லாம் அதைப் பந்தல் வலி என்பீர்கள். அன்றைக்குக் காலையிலும் இடது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். முகமெல்லாம் வேர்வை.

"பந்தல் வலிதான் ஆத்தா. நல்லா அமுக்கிவிடு, மருந்தடிக்க ஆளு வருது, போகணும்" என்றீர்கள். அமுக்கினேன். "இப்பத்தான் உசுரு வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனீர்கள். மதியத்துக்குள் தோட்டத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

அந்த வேர்வையை முந்தானையால் துடைத்தபோது உங்களுக்காவது ஏதாவது தோன்றியதா, மதினி?

என் அறைச் சுவரில் என்ன எழுதி வைத்திருந்தேன்? வலிக்கிற இடத்தை மட்டுமல்ல, முழு ஆளையும் பார்க்கிறோம் என்று. நடையைப் பார்ப்பது, மூச்சைக் கவனிப்பது, தூக்கத்தை விசாரிப்பது, அதற்கப்புறம்தான் கை வைப்பது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அதை ஒழுங்காகச் செய்தேன். நம் மதினிதானே என்று உங்களிடம் மட்டும் எதையும் கேட்கவில்லை. என் கைக்கு எல்லாம் தெரியும் என்ற திமிரும் இருந்தது. என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இதுதான், அதுவும் இவ்வளவு பெரிய விலை கொடுத்து.

நீங்கள் போன பிறகு நான் பூட்டிப்போட்ட அறையின் சாவியை அண்ணன்தான் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"எங்கிட்டயும்தான் அவ வலிக்குதுன்னா. நானும் பந்தல் வலின்னுதான் சொன்னேன். அதுக்காக நான் தோட்டத்துக்குப் போகாமயா இருக்கேன்? இங்கன உக்காந்து அழுது என்ன ஆகப்போகுது? போ, போயி ஒழுங்காச் செய்யி."

அழுதுகொண்டேதான் போனேன். ஆனால் போனேன்.

இப்போது யார் வந்தாலும் முதலில் நடக்கச் சொல்கிறேன். கையைத் தூக்கித் திருப்பச் சொல்கிறேன். நெஞ்சு இறுக்கம், வேர்வை, மூச்சுத் திணறல் என்று ஏதாவது தெரிந்தால் தொடுவதே இல்லை, ஆஸ்பத்திரிதான். வாரம் இரண்டு நாள் டீ நேரத்தில் உங்கள் பந்தலுக்கே போய், எல்லோரையும் கையைத் தொங்கவிட்டு, கழுத்தைத் திருப்பி, நாலு எட்டு நடக்க வைக்கிறேன். "டான்ஸ் டீச்சர் வந்தாச்சு" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

போன வாரம், உங்களோடு ஒரே வரிசையில் வேலை பார்த்த பேச்சியம்மாள் அக்கா இடது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேர்த்திருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எல்லாம் பார்த்துவிட்டு வெறும் வாயு என்று அனுப்பினார்கள். "ஒனக்கு அமுக்கத் தெரியலன்னா சொல்லு, ஏன் ஊரக் கூட்டுற? டாக்டரே சிரிச்சாக" என்று தெருவில் வைத்து ஏசினார். கேட்டுக்கொண்டேன். நாளைக்கும் அதையேதான் செய்வேன்.

நேற்று அவரே திரும்ப வந்தார். "இன்னைக்காவது கை வைப்பியா, இல்ல ஆட்டோவத்தான் கூப்பிடுவியா?"

"மொதல்ல நடந்து காட்டுங்கக்கா" என்றேன். திட்டிக்கொண்டே நடந்தார்.

இது உங்களுக்கு நான் தரும் வாக்கு, மதினி. சொந்தமோ அசலோ, என் மேசையில் யார் படுத்தாலும், உங்களிடம் கேட்காமல் விட்டதைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன்.

அன்று கேட்காமல் கை வைத்த,
உங்கள் நாத்தனார்