பாடி மட்டும்

ஜூன் 3, 2008, செவ்வாய்

கோவிலம்பாக்கத்துக்கு இன்றும் தண்ணீர் லாரி வரவில்லை. தம்பி யாசீன் வந்தான், கை நிறைய கேமரா விளம்பரங்களோடு. "எத்தனை நாளைக்குக்கா இந்த ஃபிலிம் டப்பாவக் கட்டிக்கினு அழுவ? டிஜிட்டல் வாங்கு, பாதி நான் தரேன்." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை!

அவனுக்கு வேண்டியது, ஞாயிறு விடியலில் நாவலூர் பக்கம் நடக்கும் பைக் ரேஸில் அவன் பறக்கிற படம். எனக்கு வேண்டியது மணப்பெண்கள். நிக்காஹ் வீடுகளில் இப்போது கிளாமர் படம் கேட்கிறார்கள் — கண் சொக்கி, துப்பட்டா பறந்து. பெண்கள் அறைக்குள் ஆண் போட்டோகிராபர் நுழைய முடியாது. அதனால்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

ரேஸ் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது.

ஜூன் 7, சனி

தாம்பரம் கேமரா கடை. ஏகநாதன் அண்ணன் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கைமாறி வந்த பழையது. அழுத்திப் பிடித்தால் செகண்டுக்கு ஐந்து படம். மற்றது புதுசு, மூன்றுதான். ஆனால் முகத்தின் நிறம் அதில் அவ்வளவு அழகாக வருகிறது.

"ரேஸா, பொண்ணா? இன்னா வோணும்னு முடிவு பண்ணும்மா. ரெண்டுக்கும் ஒண்ணே வோணும்னா எங்கிட்ட இல்ல."

யாசீன் பழையதைக் கீழே வைக்கவே இல்லை. அவன் முழங்கையில் புதிய சிராய்ப்பு. கேட்டேன். பஸ்ஸில் இடித்துக்கொண்டானாம். பொய்.

ஜூன் 10

ஐந்து படம் என்றால் இன்னும் வேகமாக ஓட்டுவான். படமே வராது என்றால் — நிறுத்துவானா?

ஜூன் 11, புதன்

சொல்லிவிட்டேன். புதியதுதான். ஜூம் லென்ஸ் வேண்டாம். பாடி மட்டும், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா; கூடவே முகம் எடுக்கிற சின்ன லென்ஸ் தனியாக. தூரத்தில் போகிறவன் அதில் எறும்பாகத்தான் தெரிவான். வேண்டுமென்றேதான் செய்தேன். பாடி வந்ததும் போன் செய்வதாக ஏகநாதன் அண்ணன் சொன்னார்.

யாசீன் கோபிக்கவில்லை. சிரித்தான். "ஜூம் இல்லன்னா என்னாக்கா? நான் கிட்ட வந்து ஓட்டுறேன்."



ஜூன் 15, ஞாயிறு

யா அல்லாஹ், என்ன காலை இது! நான் குளித்துக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து போன். அம்மா எடுத்திருக்கிறாள். "பாடி வந்துடுச்சும்மா, வந்து வாங்கிக்கினு போங்க" என்றிருக்கிறார் ஏகநாதன் அண்ணன். யாசீனோ விடியலில் போனவன், இன்னும் வரவில்லை. பிணத்தை நாங்கள் மையத்து என்றுதான் சொல்வோம். இருந்தாலும் மெட்ராஸில் பாடி என்றால் யாருக்குத்தான் தெரியாது? நான் வெளியே வந்தபோது அம்மா தரையில் கிடந்தாள்.

வந்தது கேமரா என்று விளங்கியதும் அழுதோம், சிரித்தோம். யாசீனும் வந்து சேர்ந்தான். "அந்தப் பாடிக்காரர் மட்டும் என் கையில கிடைச்சார்னா..." என்று அம்மா நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தாள்.

கேமராவை வாங்கப் போனபோது ஏகநாதன் அண்ணன் ஒன்று சொன்னார். அம்மா போனில் "யாரு?" என்று கேட்கவில்லையாம். "எந்த ரோட்ல?" என்றாளாம்.

அப்படியானால் அம்மாவுக்குத் தெரியும். எத்தனை நாளாக?

ஜூன் 22, ஞாயிறு

இருட்டோடு வந்து எழுப்பினான். தூங்குவதுபோல் கிடந்தேன். "அடுத்த வாரம் கண்டிப்பா வரணும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வரும்வரை அம்மாவும் நானும் ஆளுக்கொரு அறையில் விழித்திருந்தோம்.

ஜூன் 28

நாளை பல்லாவரத்தில் நிக்காஹ் வேலை. நல்லவேளை, சாக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 2, புதன்

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள்.

ஞாயிறு யாசீன் இருட்டோடு போய்விட்டான். காலையில் நான் நிக்காஹ் வீட்டுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அம்மா எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, இந்தத் தடவை ஏமாற மாட்டேன் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"பாடிய வந்து வாங்கிக்கணுமாம். உன் பாடிக்காரர்தான், வா" என்று சிரித்துக்கொண்டே ரிசீவரை நீட்டினாள்.

கேமரா என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.