கதவில்லாத மோட்டார்

நுவரெலியா, மார்ச் 1936

அன்புள்ள கிருபாபாய்க்கு, கர்த்தர் தயவில் நான் சுகம். இராஜபாளையத்தில் நீயும் அம்மாவும் குழந்தையும் சுகமா? அம்மாவின் இருமல் குறைந்ததா?

எங்கள் தோட்டத்துத் துரை தம்முடைய பெரிய சொகுசு மோட்டாரை மலையேறும் பந்தயத்தில் ஓட்டப்போகிறார். பாரம் குறைந்தால்தான் மேட்டில் வேகம் பிடிக்கும் என்று கதவுகள், மட்கார்டுகள், தோல் மெத்தைகள் எல்லாவற்றையும் கழற்றினோம். பக்கத்தில் உட்கார மெலிந்த மெக்கானிக் வேண்டுமென்று என்னைப் பிடித்தார்.

"ஏலே சோலைராஜ், நீ உக்காந்தாலும் ஆளில்லாத வண்டிதாம்லே" என்று என்னோடு வேலை பார்க்கும் சேத்தூர் பால்துரை சிரித்தான்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். ஒரு வளைவில், கதவு இல்லாததால், நான் தேயிலைச் செடிகளின்மேல் போய் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதே. துரை உச்சிவரை போய்த் திரும்பி வந்து, "நீ இல்லாம வண்டி நல்லா ஏறுது" என்றார். பந்தயத்துக்கு அவர் தனியாகத்தான் போகிறார். எனக்கும் நிம்மதிதான். ஆனாலும் அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தியது.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. குழந்தை அருள்செல்வியின் பாதத்தை நூலால் அளந்து அதையும் வை. செருப்பு வாங்கவேண்டும், நான் கொண்டுவந்த அளவு இனி அவளுக்குச் சேராது.

தபால் லாரி கிளம்புகிறது.

உன் சோலைராஜ்