பத்தொன்பது நாள் ரூபி

இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தது போதும். நீ இருக்கும்போதே பேசியிருக்க வேண்டும். ஆனால் பேசாமல் இருப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது உனக்குத் தெரியாததல்ல.

போன சனிக்கிழமை உன் மனைவி வந்திருந்தாள். "அண்ணே, அவரு மேசையில இருந்திச்சு. உங்க பேரு எழுதியிருக்கு" என்று ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். உறையைப் பிரிக்கும் முன்பே ஜாதிக்காய் எண்ணெய் வாசம் வந்தது. பாலிக் புலாவிலிருந்து உன் மாமனார் கொடுத்தனுப்பும் எண்ணெய். முழங்காலில் தேய்த்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாய். விசைப்பலகையெல்லாம் வழுக்குகிறதென்று நான் திட்டுவேன். நீ போய் மூன்று மாதமாகியும் அந்த எண்ணெய் காகிதத்தில் அப்படியே இருக்கிறது.

நமக்குப் பதினாறு வயதில், சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடையில் ஓர் அமெரிக்க சஞ்சிகை வாங்கினாயே, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நடுவில் மடித்து வைத்த ஒரு மலைநாட்டு வரைபடம். ஊர்ப் பெயர்களை விரலால் தடவிப் படித்துக்கொண்டிருந்தாய். பிறகு நான் பல்கலைக்கழகம் போனேன். உன் அப்பா தவறியதால் நீ அக்கரையில் பிறை ஊர்த் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காகப் போனாய். அமெரிக்க வரலாற்றில் எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் ஜனாதிபதிகளும் போர்களும்தான். அந்த மலைகளில் யார் நிலக்கரி வெட்டினார்கள், என்ன சாப்பிட்டார்கள், குழந்தை பிறந்தால் என்ன பாடினார்கள் என்று எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை.

அதைக் காட்டியது உன் ஜெலுத்தோங் வீட்டுக் கம்ப்யூட்டர். சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உன் வீட்டில் யாரும் தொலைபேசியைத் தொடக்கூடாது. மோடம் கீச்சிட்டு முடிந்ததும் ஒரு பக்கம் திறக்கும். கென்டக்கி மலையில் ஒரு சிறிய மாவட்டம். அங்கிருந்த கிழவர்கள் பேசியதை எழுத்தாக்கிப் போட்டிருப்பார்கள். சோள ரொட்டி சுடும் முறை இருக்கும், பழைய பாட்டுகளின் வரிகள் இருக்கும். புகைப்படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கி வரும். முதலில் வானம், பிறகு மலை, பிறகு வரிசையாகத் தகரக் கூரைகள். வாசலில் நிற்கிறவர்களின் கால் வருவதற்குள் லைன் அறுந்துவிடும்.

"இந்த ஊருல யாருக்குமே காலு இல்லடா" என்பாய்.

ஒருமுறை அந்தக் கூரைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். கம்பெனி வீடு, கம்பெனிக் கடை, கம்பெனி டாக்டர் என்று கீழே எழுதியிருந்தது. "இது நம்ம எஸ்டேட்டுதான்டா. ரப்பருக்குப் பதிலா கரி, அவ்வளவுதான்" என்றாய். நான் படித்த அத்தனை புத்தகங்களைவிட அந்த ஒரு வாக்கியம் சரியாக இருந்தது. அன்று அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை. தொழிற்சாலையில் உன்னைக் கேலி செய்தார்களாம்: "என்னாண்ணே, எப்பப் பாத்தாலும் கென்டக்கி? அங்க கோழிதானே பொரிப்பாங்க, லா." நீ அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அந்தப் பக்கத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற நூலகர், வயதான பெண்மணி. நாம் அவருக்குக் கென்டக்கி அக்கா என்று பெயர் வைத்திருந்தோம். சுரங்க முகாம் ஒன்றின் இடுகாட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்து தர ஆள் தேவை, எந்த நாட்டிலிருந்தும் உதவலாம் என்று எழுதியிருந்தார். நீ கை தூக்கிவிட்டாய். நாற்பது பக்கம், தேவாலயத்துப் பெண்கள் கையால் எழுதிய பட்டியலின் நகல், கடல் தாண்டித் தபாலில் வந்தது.

நான் வாசித்தேன், நீ தட்டினாய். ஆறு மாதம். எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு தேவையாயிருந்தன என்பது உனக்குத் தெரியாது. பள்ளியில் என்னைத் தாண்டித் தலைமையாசிரியர் ஆனவர்களின் பட்டியல் எனக்கு மனப்பாடம். அதை மறந்து உட்கார்ந்திருந்த ஒரே இடம் உன் வீடுதான்.

பன்னிரண்டாம் பக்கத்தில் ரூபி வந்தாள். ரூபி என்று ஒரு வரி, தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஆண்டு. சில வரிகள் தள்ளி மறுபடியும் ரூபி, அதே தகப்பன், அதே தாய், வேறு ஆண்டு. எழுதியவள் ஒரே பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டாள், ஒன்றை எடு என்றேன்.

நீ கையை எடுத்துக்கொண்டாய். "வருசம் வேறயா இருக்கேடா."

"செத்த புள்ளையோட பேரை எந்த அப்பன் ஆத்தா மறுபடியும் வைப்பாங்க? யோசிச்சுப் பாரு. எழுதினவளுக்கு வருசத்துல குழப்பம். வரலாறு படிச்சது நீயா நானா?"

உன் அம்மாவுக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை பிறந்து எஸ்டேட்டிலேயே இறந்ததை அன்றுதான் சொன்னாய். "எங்க அண்ணன் பேரு எனக்கே தெரியாதுடா. வீட்டுல அந்தப் பேரைச் சொல்லவே மாட்டாங்க" என்றாய். பார்த்தாயா, நான் சொன்னதுதான் என்றேன். ரூபியை எடுத்தாய். அப்படி மொத்தம் பதினொரு பெயரை எடுத்தோம். இல்லை, எடுக்கச் சொன்னது நான்.

பட்டியல் இணையத்தில் ஏறி ஒரு மாதம் கழித்துப் பள்ளிக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். தட்டச்சு செய்து உதவியவர் என்று உன் பெயர், பினாங்கு, மலேசியா. அவ்வளவுதான். என் பெயர் இல்லை. நேரே உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"என் பேரு எங்கடா?"

"உள்ள வா, உக்காரு. சொல்றேன்."

"அப்போ நீதான் எடுத்தியா?"

"ஆமா, நான்தான். வாடா உள்ள, சொல்றேன்."

நான் உட்காரவில்லை. உனக்குப் படிப்பில்லாத குறையை என் உழைப்பில் தீர்த்துக்கொண்டாய் என்று சொன்னேன். உன் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் உன்னோடு பேச்சில்லை. தொலைபேசியில் உன் குரல் கேட்டால் வைத்துவிடுவேன். ஒருமுறை ஃபெர்ரியில் உன்னைப் பார்த்தேன். ஜன்னலோரம் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாய். நான் மறுகோடிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் காரியத்துக்கு வந்தபோதும் பின்வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

உறைக்குள் இருந்தவை கென்டக்கி அக்காவும் நீயும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள். அச்செடுத்துத் தேதி வாரியாக அடுக்கியிருந்தாய்.

முதல் வாரம் பக்கத்தில் நம் இருவர் பெயரும் இருந்ததாம். பிறகு அந்த அம்மா எழுதுகிறார்: என் தாயின் பெயர் ரூபி, அவரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். அவருக்கு முன்னால் பிறந்து பத்தொன்பது நாளில் இறந்த அக்காவின் பெயரும் ரூபி. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது எங்கள் மலையில் வழக்கம். பெயராவது தொடர்ந்து வாழட்டும் என்பார்கள். என் தாய் ஒவ்வொரு கோடையிலும் தன் பெயர் பொறித்த சிறிய கல்லுக்குப் பூ வைத்துவிட்டு வருவார். உங்கள் பட்டியலில் அந்தக் குழந்தை இல்லை. அவளைப்போல் இன்னும் பத்துப் பேர் இல்லை. யார் எடுத்தது?

உன் பதில் நான்கு வரி. நான்தான் எடுத்தேன். என் நண்பன் வாசித்தான், அவ்வளவே. அவன் வரலாற்று ஆசிரியன், மாணவர்கள் பார்க்கக்கூடும், இந்தத் தவறுக்குப் பக்கத்தில் அவன் பெயர் வேண்டாம், எடுத்துவிடுங்கள். பதினொரு குழந்தைகளையும் நானே திரும்பச் சேர்க்கிறேன்.

சேர்த்திருக்கிறாய். நாற்பது பக்கத்தையும் தனியாக மறுபடி சரிபார்த்திருக்கிறாய், வாசிக்க ஆளில்லாமல்.

படித்ததும் அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கோபம்தான் வந்தது. யார் உன்னைக் கேட்டது? அந்த வாசலில் என் சட்டையைப் பிடித்து, முட்டாளே, உன்னால்தான் என்று கத்தியிருக்கலாமே. உள்ளே வா, சொல்கிறேன் என்று இரண்டு முறை சொன்னாய். நான் உட்காரவில்லை. நாலைந்து நாளாக இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். உன்மேல் கோபப்பட வேறு எதுவும் மிச்சமில்லை.

நேற்றுப் பள்ளிக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ரூபி இருக்கிறாள், சில வரிகள் தள்ளி ரூபி இருக்கிறாள். அறையில் யாரும் இல்லை. பதினொரு பெயரையும் உனக்கு வாசித்த அதே குரலில் சத்தமாக வாசித்தேன். உன் அண்ணனுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அதை வாசிக்க எனக்குத் தெரியவில்லை. இனி ரூபி என்ற பெயரை எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் சற்று நின்றுவிடுவேன் என்று தோன்றுகிறது.

கென்டக்கி அக்காவுக்கு எழுதிவிட்டேன். எடுக்கச் சொன்னவன் நான் என்று சொல்லி, முழுப்பெயரையும் போட்டேன். உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

இந்த மடலை ஞாயிறு மலருக்கு அனுப்பப் போகிறேன். கீழே கையெழுத்திட்டேன், பிறகு கையெழுத்தில்லாமல் வேறு தாளில் மறுபடி எழுதினேன். என் பெயரை ஒருமுறை நீ எடுத்தாய். இந்த முறை நானே எடுத்துவிடுகிறேன். தபால்தலை ஒட்டியாகிவிட்டது.