மஹய்யாவ மண்டபத்து முன்சுவர்

நவம்பர் 4, திங்கள்
விடாத மழை. அரை நாள் லீவு போட்டுவிட்டு குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் மஹய்யாவ. சங்க மண்டபத்தை இடிக்கப்போவது தெரியும், இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. கூரை ஏற்கெனவே இல்லை. இடிக்க வந்த பெக்கோ மெஷின் முன்சுவரில் கைவைத்துவிட்டது. குடையோடு எங்கே வரைவது? தாளெல்லாம் நனைந்து வீண்.

மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டு சரோஜாக்கா: "படம் வரையவா வந்தீங்க டீச்சர்? நல்லா நின்னப்ப வந்திருக்கலாமே!"

நியாயம்தான். அதனால்தான் எரிச்சல். சுவர்த் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

நவ. 5, செவ்வாய்
பாடத்தில் மனம் இல்லை. பிள்ளைகளைப் பூச்சாடி வரையச் சொல்லிவிட்டு துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்த பக்கத்தில் பெயின்ட் அடுக்கடுக்காக. சங்கத்திடம் எந்தக் காலத்தில் காசு இருந்தது? மண்டபத்தில் யார் வீட்டுக் கல்யாணமோ அவர்கள்தான் முன்சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பெண்வீட்டார் விரும்பிய நிறத்தில். அப்படியானால் ஒரு அடுக்கு, ஒரு கல்யாணம். வரைய வேண்டியது இதைத்தான்! கொழும்புக் கண்காட்சிக்குப் பெரிய கென்வஸ். பட்டை பட்டையாக நிறங்கள். பச்சை, மஞ்சள், நீலம், மறுபடி பச்சை. ரோஸ் ஒன்றும் இருக்கிறது. அதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

வாங்க: டர்பன்டைன், பெரிய பிரஷ், அம்மாவின் பிரஷர் மாத்திரை.

நவ. 7, வியாழன்
எந்த நிறம் யாருடையது என்று கேட்க, துண்டோடு மறுபடி மஹய்யாவ. அக்கம்பக்கம் கூடிவிட்டது. நீலத்துக்கு இரண்டு வீடு சண்டை. சிரிப்பாக இருந்தது, சரோஜாக்கா வாயைத் திறக்கும்வரை.

"இந்த ரோசு ஒங்களோடதுல்ல டீச்சர்?" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என்னுடையதுதான். பெயின்ட் காய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்த கல்யாணக்காரர்கள் மேலே மஞ்சள் அடித்தார்கள். அதோடு நாங்கள் குண்டசாலைக்கு வந்துவிட்டோம்.

தேநீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

நவ. 9, சனி
படம் வேகமாக வளர்கிறது. ரோஸ் இல்லாமல். கல்யாணங்களின் படத்தில் நடக்காததற்கு என்ன இடம்? பச்சைக்கு மேல் நேராக மஞ்சள். பொய். தெரிந்தே செய்கிற பொய். உட்கார முடியவில்லை, எழுந்து எழுந்து நடக்கிறேன். கண்காட்சிக்காரர் போன்: "மிஸ், தலைப்பு அனுப்புங்க." அனுப்பவில்லை.

அம்மா வந்து பார்த்தால்? கல்யாணம் நின்ற அன்றிலிருந்து மண்டபம் என்ற பேச்சையே அம்மா எடுத்ததில்லை. நானும்தான்.

நவ. 10, ஞாயிறு
வெயில். துணி காயப்போடப் போன அம்மா படத்தின் முன்னால் நின்றுவிட்டார். மறைக்க நேரமில்லை. ஒவ்வொரு பட்டையாகத் தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் மஞ்சள்.

"நம்ம கலரு எங்க?"

பிரஷைத் துடைக்கத் தொடங்கினேன்.

"கண்டி டவுன்ல கட கடையா ஏறி எறங்கி எடுத்தேன். ஊரு கலரெல்லாம் போட்ருக்க, அத மட்டும் விட்டுட்ட."

"நடக்கலையேம்மா."

"கல்யாணந்தானே நடக்கல. எம்மகளுக்குன்னு நான் சொவரு அடிச்சனா இல்லையா?"

மஞ்சளைச் சுரண்டி எடுத்தேன். சிவப்பில் வெள்ளை கலந்தேன். அம்மா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். துணி வாளியிலேயே கிடந்தது.

"இது இல்ல. இன்னுங் கொஞ்சம் வெள்ள போடு."