விலைக்கு வந்த ஜூலை

ஜூலை 2, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. பதினோராம் எண் பேருந்தில் நானும் என் வயிறும் ஆளுக்கொரு இருக்கையில் உட்கார்ந்து வந்தோம்.

நகரத்தின் அந்தக் கோடியில் என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரரின் பனியன். இந்தக் கோடியில், பெத்ரெகலேஹோவில், அக்கா வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் கடல். இரண்டும் ஒரே மலாகா நகரம்தான் என்று நகராட்சி சொல்கிறது. நம்பத்தான் வேண்டும்.

இருபது வருடமாக ஜூலை முழுக்க இந்த மாடி அறை என்னுடையது. வாடகை கிடையாது. மிச்ச மாதங்களில், ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான். ஓட்டுநர் பயிற்சி ஆசிரியன் என்றால் மரியாதையாக இருக்கும். ஜூலை எனக்கு விடுமுறை அல்ல, சிகிச்சை.

புது நீச்சல் டிராயர் வாங்கினேன். "இது நல்லா இழுபடும் சார்" என்றாள் கடைக்காரப் பெண். என்ன அர்த்தத்தில் சொன்னாள்?

ஜூலை 3, புதன்

காலையில் ரொட்டியில் தக்காளி தடவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "வீட்டை விக்கப் போறேன்டா."

"அந்த எண்ணெயை இப்படித் தள்ளு" என்றேன். கொஞ்சம் கழித்துத்தான் சங்கதி காதுக்குள் போனது.

"எதுக்குக்கா?"

"பாஸ்குவால் போய் நாலு வருஷம் ஆச்சு. சாயங்காலம் கதவைச் சாத்தினா எங்கிட்ட கடைசியாப் பேசுற ஆளு ரேடியோக்காரன். அவனும் வெயிலைப் பத்தித்தான் பேசுறான். நூரியா அவ வீட்ல ஒரு ரூமை ஒழிச்சு வச்சிருக்கா."

பாஸ்குவால் இறந்துபோன அத்தான். நூரியா அவளுடைய மகள். மாட்ரிடில் இருக்கிறாள்.

"மாட்ரிட்ல கடல் இல்லையேக்கா."

"இங்க இருக்கிற கடல் மட்டும் பேசுதா?"

அந்த நிமிடத்தில் அராசெலி அக்காவின் தனிமையை நினைத்து நெஞ்சு கனத்தது என்று எழுத ஆசைதான். சொந்த டைரியில் பொய் எழுதி யாரை ஏமாற்ற? முதலில் தோன்றியது ஒன்றே ஒன்று: அப்போ என் ஜூலை?

ஜூலை 5, வெள்ளி

வீட்டு புரோக்கர் பெண் ஒரு கணவன் மனைவியைக் கூட்டி வந்தாள். கெட்டிக்காரி. சரியாக மதியத் தூக்க நேரத்தில் வந்தாள். அந்த நேரத்தில் இந்தத் தெருவில் பூனைகூடப் புரண்டு படுக்காது. கடலே குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

வந்தவர்கள் முற்றத்தில் நின்றார்கள். "கேட்டியா?" என்றான் கணவன்.

"என்ன?"

"ஒண்ணுமே கேக்கல!"

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை அளவெடுக்க வருகிறார்களாம். நான் மாடிப்படியில் நின்று, கொலை செய்தால் எத்தனை வருடம் தண்டனை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, சனி

கடற்கரையில் எலாதியோவின் கடையில் உட்கார்ந்து அழுதேன். உண்மையில் அது மத்தி சுடும் புகை. ஆனால் எலாதியோ இளகிய மனசுக்காரன், நம்பிவிட்டான். மணல் நிரப்பிய படகில் நெருப்பு மூட்டி, கழியில் குத்திய மீனைத் திருப்பிக்கொண்டே கேட்டான்.

"விக்கிறாங்களா? போன வருஷம் கோடி வீட்டை வித்தாங்க வாத்தியாரே. இப்ப வாரத்துக்கு ஒரு கூட்டம் சக்கரப் பெட்டியைக் கடகடன்னு இழுத்துட்டு வருது. ஒருத்தருக்கும் எதிர்ல வர்ற ஆளைப் பாத்து வணக்கம் சொல்லத் தெரியல."

பக்கத்து மேசையில் மிலாக்ரோஸம்மா. அக்காவின் பக்கத்து வீடு, இந்தக் கரைக்கு அவர்தான் வானொலி நிலையம். விஷயம் அவருக்குத் தெரியாமல் போனதில் வந்த கோபம், வீடு விலைக்குப் போவதில் வந்த கோபத்தைவிட அதிகம்.

யோசனை என்னுடையதுதான். மறைக்கவில்லை. வருகிறவர்கள் அமைதிக்காக வருகிறார்கள். அமைதியை எடுத்துவிட்டால்?

"எப்போ?" என்றார் மிலாக்ரோஸம்மா.

"அவங்க வர்ற நேரத்துல. மத்தியானம்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "மதியத் தூக்கத்தைக் கெடுக்கிறதா! என் கல்யாணத்தன்னிக்குக்கூட நாங்க அதைக் கெடுத்ததில்ல தம்பி."

"அதான் உங்க வீட்டுக்காரரு போட்டோல எல்லாம் அப்படி இருக்காரா?" என்றான் எலாதியோ.

மீன் கழியால் ஒரு அடி வாங்கினான். ஆனால் அம்மா சம்மதித்துவிட்டார். அவர் அண்ணன் அந்தக் காலத்தில் மலைப்பக்கத்து வெர்தியாலெஸ் பாட்டுக் கோஷ்டியில் இருந்தவராம். பெரிய கஞ்சிரா, ஜால்ரா எல்லாம் பரணில் இருக்கிறது. வெர்தியாலெஸின் இலக்கணம் எளிது: எல்லோரும் ஒரே நேரத்தில், முழு பலத்தோடு.

ஜூலை 8, திங்கள்

வந்தார்கள். மிலாக்ரோஸம்மாவின் முற்றத்தில், மதில் மறைவில் நாங்கள் மூவர். எனக்குக் கஞ்சிரா, எலாதியோவுக்கு ஜால்ரா, அம்மாவுக்குக் குரல். எண்பது கிலோ பெண்மணிக்குள் இப்படி ஒரு சைரன் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. "யாருடா செத்தது?" என்று ஒருவர் கேட்டார். இந்த நேரத்தில் வேறு காரணம் இருக்க முடியாது என்பது அவர் எண்ணம்.

சற்று நேரத்தில் வாசல் கதவு அறைந்து சாத்தப்பட்டது. போகிற போக்கில் அந்த மனைவி சொன்னது மதிலைத் தாண்டி வந்தது: "கேக்குது. நல்லாவே கேக்குது."

பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, அப்போதுதான் விழித்தவன் போலக் கண்ணைக் கசக்கினேன். "மிலாக்ரோஸுக்கு என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"கார்மென் மாதா திருவிழா வருதில்ல? ஒத்திகை."

ஜூலை 9, செவ்வாய்

நிலக்காற்று. நாற்பது டிகிரி. யாரையும் வெறுக்கக்கூடத் தெம்பில்லை.

ஜூலை 11, வியாழன்

இன்று வந்தவன் தனி ஆள், இறுக்கமான சட்டை. என் மாடி அறையில் நின்று, "இங்க ரெண்டு அடுக்குக் கட்டில் போடலாம், நாலு பேர் தாராளமா" என்றானாம். என் அறையில். நாலு பேர்!

எலாதியோ படகோட்டிகள் சங்கத்தையே கூட்டி வந்திருந்தான். கரையில் நின்று துடுப்புக்கு ஏற்றபடி கத்தினார்கள். ஆசாமி காதில் போனை வைத்தபடி ஓடினான்.

இரவுச் சாப்பாட்டில் அக்கா அவனை நடித்துக் காட்டினாள். ஒரு கையில் அளவுகோல், மறு கையால் ஒரு காதைப் பொத்தினால் இன்னொரு காது பாக்கி. சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. நான் முதுகில் தட்டினேன். இவள் இப்படிச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மாதாவுக்குக் காது மந்தமாடா? ஒத்திகை ரொம்பச் சத்தமா இருக்கே" என்றாள்.

உப்பைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

ஜூலை 13, சனி

மாட்டிக்கொண்டோம்.

மதில் இடுக்கு வழியாகப் பார்த்தோம். குள்ளமான ஆள், அறுபத்தைந்து இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, கையில் தொப்பி. இவரைத் துரத்த முழுக் கச்சேரி வேண்டாம், பல்லவி போதும் என்று நினைத்தேன். ஆரம்பித்தோம். கதவுச் சத்தம் கேட்கவில்லை. இன்னும் ஓங்கி அடித்தோம். அப்போதும் இல்லை. திடீரென்று மதிலுக்கு மேல் ஒரு தலை முளைத்தது. அக்காவின் சமையலறை ஸ்டூலைப் போட்டு ஏறியிருக்கிறார்!

"ஜால்ரா யாருங்க?"

எலாதியோ பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினான்.

"பரவால்ல. பின்தங்காதீங்க. கஞ்சிரா?"

"நான்தான்."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கார் ஓட்டக் கத்துக் கொடுக்கிறேன்."

"அதான். அடிக்கடி பிரேக் போடுறீங்க."

பெயர் செஃபெரினோவாம். மலைக்காரர், நாற்பது வருடமாக வெர்தியாலெஸ் கோஷ்டியில் வயலின். மனைவி போன பிறகு நகர நடுவே ஒரு அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். மதிலில் தாடையை வைத்துக்கொண்டே எல்லாம் சொன்னார்.

"அங்க பெட்டியைத் திறந்தாலே கீழ்வீட்டம்மா போலீஸுக்குப் போன் போட்டுடுது. அடிக்கடி வந்து வந்து ஒரு போலீஸ்காரனுக்குப் பாட்டே பாதி மனப்பாடம். இங்க என்னடான்னா பட்டப்பகல்ல, தூங்குற நேரத்துல, தெருவே வாசிக்குது! இப்படி ஒரு இடம் மலாகாவுல இருக்கா? வீட்டை எனக்குப் பிடிச்சுப்போச்சு. உள்ள இன்னும் பாக்கவே இல்ல. பிடிச்சுப்போச்சு."

விரட்டுவதற்காகப் போட்ட சத்தத்தில் ஆள் வந்து ஒட்டிக்கொண்டது. மிலாக்ரோஸம்மா என்னைப் பார்த்தார். நான் எலாதியோவைப் பார்த்தேன். எலாதியோ ஜால்ராவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

அப்போது செஃபெரினோவின் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை எழுந்தது. அக்கா.

"டேய்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த "டேய்" எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலையிலிருந்து அக்கா பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் எல்லாம். நான் ஏன் இப்படிப் பண்ணேன்? ஒரு ஜன்னலுக்காகவா? அம்பத்தஞ்சு வயசுல கஞ்சிராவைத் தூக்கிட்டு மதில் மறைவுல உக்காந்துட்டு— சே. ஒழுங்கா ஒரு வார்த்தை கேட்டிருந்தா?

சாயங்காலம் அவளே வாயைத் திறந்தாள். "நான் போறது உனக்குக் கஷ்டமா இருந்தா, 'போகாதக்கா'ன்னு சொல்லியிருக்கலாமில்ல? அதுக்கு எதுக்குடா ஜால்ரா?"

சொல்லியிருக்கலாம்தான். சத்தியமாக அது எனக்குத் தோன்றவேயில்லை.

"போகாதக்கா" என்றேன்.

"வாயில இருக்கிறத முழுங்கிட்டுச் சொல்லு."

முழுங்கிவிட்டுச் சொன்னேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். இந்த முறை தட்டு சத்தம் போடவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

கார்மென் மாதாவைத் தோளில் தூக்கிக் கடலுக்குள் இறக்கினார்கள். வழக்கம்போல எலாதியோ இடுப்பளவுத் தண்ணீரில் கண்ணீர் விட்டான். நான் புது டிராயரில் முதன்முறையாக இறங்கினேன். அலையோடு இழுபட்டது. கடைக்காரப் பெண் சொன்னது ஆறுதல் இல்லை, எச்சரிக்கைதான்.

செஃபெரினோ வந்திருந்தார், வயலினோடு. ஊர்வலம் முடிந்ததும் படகுகளுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். சும்மா சொல்லக் கூடாது. நாங்கள் வாசித்ததும் இதுவும் ஒரே வகை என்று சொன்னால் மாதா மன்னிக்க மாட்டாள். மிலாக்ரோஸம்மா பாடினார், இப்போது அது சைரன் போல இல்லை.

அக்கா செஃபெரினோவிடம், "எங்க தெருவுல மத்தியானம் யாரும் வாசிக்கிறதில்லங்க. இவனுங்க உங்களை ஏமாத்திட்டானுங்க" என்றாள்.

அவர் முகம் வாடிவிட்டது. பிறகு, "அஞ்சரைக்கு மேல?" என்று கேட்டார்.

"அஞ்சரைக்கு மேல யாரு கேக்கப் போறா?" என்றாள் அக்கா. "நான்தான் கேக்கணும்."

ஜூலை 18, வியாழன்

வெற்றி! அக்கா மாட்ரிடுக்குப் போகவில்லை. வீடு விற்பனைக்கு இல்லை. புரோக்கருக்குச் சொல்லிவிட்டாளாம். நூரியா போனில் அழுதாளாம். அந்த ஒழித்த அறையை இனி துணி உலர்த்த வைத்துக்கொள்வாளாம். நான் எழுந்து நின்று அக்காவின் தலையில் முத்தமிட்டேன்.

"உக்காருடா. இன்னும் முடிக்கல. செஃபெரினோவுக்கு முழு வீடு எதுக்கு? ஒரு ரூம் போதுமாம். ஆகஸ்ட்லேருந்து மாடி ரூமை வாடகைக்குக் கேட்டார். குடுத்துட்டேன்."

"எந்த மாடி ரூம்?"

"நம்ம வீட்ல எத்தனை மாடி ரூம் இருக்கு?"

ஜூலை 19, வெள்ளி

கஞ்சிராவைத் திருப்பிக் கொடுத்தேன். "வச்சுக்கோ தம்பி, பழகு" என்றார் மிலாக்ரோஸம்மா. தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. எலாதியோ மட்டும் மத்திக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். துக்கம் விசாரிப்பதுபோல் எலுமிச்சம்பழத்தைக்கூட அவனே பிழிந்துவிட்டான்.

ஜூலை 31, புதன்

மாடி ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன். போகும்போது செஃபெரினோ எதிரில் வந்தார். கையில் இரண்டு பெட்டி, தலையில் மூன்று தொப்பி. "அந்தக் கட்டில் எப்படித் தம்பி, கிறீச்சிடுமா?" என்று கேட்டார்.

"இடது பக்கம் மட்டும்" என்றேன். உண்மையில் இரண்டு பக்கமும்தான்.

அடுத்த வருடம். ஜூலை 1, செவ்வாய்

பதினோராம் எண் பேருந்தில் வந்து இறங்கினேன். மேசையில் மூன்று தட்டு. கத்தரிக்காய் வறுவலில் உப்பு கூடிவிட்டது என்று செஃபெரினோ சொல்ல, நாக்கை மலையிலேயே விட்டுவிட்டு வந்தீர்களா என்று அக்கா கேட்க, சாப்பாடு முடியும்வரை அது ஓடியது. ரேடியோவைக் காணோம். கேட்டேன். பழுதாகி மூன்று மாதமாம், சரிசெய்ய யாருக்கும் நேரமில்லையாம்.

எனக்குத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டில். போர்வையை அக்காவே விரித்தாள். தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்தத் தடவை எத்தனை நாள் இருப்ப?"

இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை.

"ரெண்டு மூணு நாள்க்கா" என்றேன்.

"சரி" என்றாள். கொஞ்சம் வேகமாகவே.