அப்பா குவானினாக நின்ற நாள்

சேவூர்,
ஞாயிறு.

அன்பு மகள் அனுஷாவுக்கு அப்பா எழுதுவது. ஜினேந்திரர் அருளால் இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே செய்தி சொல்லிவிடுகிறது. ஸ்வீடனில் மூன்று மணிக்கே பொழுது சாய்கிறது என்றாயே, அப்படியானால் பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிக்கிற நம் வழக்கத்துக்கு நீ என்ன செய்கிறாய் என்று அவளுக்குத் தீராத கவலை, ஒரு வரி எழுதிப் போடு.

போன வெள்ளிக்கிழமை உன் தங்கை மஹிமா வேலை பார்க்கும் பள்ளியில் அறிவியல் விழா. அதைப் பார்த்துத்தான் தாளாளர் அவள் வேலையை நிரந்தரமாக்குவார் என்று பேச்சு, அந்தப் பயத்தில் அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. நீ ஆராய்கிற அதே டி.என்.ஏ.வை, பிள்ளைகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்திக் காட்டுவதாக ஏற்பாடு. பார்த்தால் பாதி வகுப்புக்கு மெட்ராஸ் ஐ. பெற்றோரை நிறுத்தலாம் என்று யாரோ சொல்ல, அவள் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா பட்டு வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். வழுக்கும் என்றேன், மேடைக்கு லுங்கியிலா போவீர்கள் என்றாள்.

என் கழுத்தில் குவானின் என்று அட்டை மாட்டினார்கள். அடினினுக்கும் தைமினுக்கும் நடுவே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பாம், ஆகையால் இரண்டு கையையும் கோத்தால் போதும். குவானினுக்கும் சைட்டோசினுக்கும் மூன்று. மூன்றாவது கைக்கு எங்கே போவது, அதனால் இருவர் இடுப்புக்கும் நடுவே ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சைட்டோசினாக எதிரே வந்து நின்றவர் பக்கத்து வீட்டு வேணுகோபால், அவர் பையனுக்கும் கண் நோய். அவர் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி அம்மாவின் வடாத்தில் விழுந்த சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். மஹிமாவிடம் ஆளை மாற்றச் சொன்னேன். "ஜி-க்கு சி தாம்பா, வேற யாரும் சேராது" என்றாள், கண்ணில் நீர் நின்றது. கை கொடுத்தேன். அவரும் கூரையைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார்.

"ஒவ்வொரு பிணைப்பும் லேசுதான், நெறய சேந்துதான் ஏணி நிக்குது. விசில் அடிச்சா பிரிஞ்சு ஆளுக்கொரு புது ஜோடி சேரணும், லேசா கட்டுங்க" என்று மஹிமா படித்துப் படித்துச் சொன்னாள். வேணுகோபால் தறிக்காரர், லேசாக முடிச்சுப் போட்டுப் பழக்கமில்லாதவர், என் வேட்டி முனையையும் சேர்த்து இறுக்கிவிட்டார். விசில் அடித்ததும் அடினினும் தைமினும் அழகாகப் பிரிந்தார்கள். நாங்களும் கையை விட்டோம், துண்டு விடவில்லை. அவர் பின்னால் போகப் போக என் வேட்டியும் புறப்பட்டது. இரண்டு வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை, "யோவ் நில்லுய்யா, வேட்டி வந்துகினு இருக்குது" என்பதுதான். ஒரே தாவலில் வந்து என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, "நான் வுடமாட்டேன் நைனாரே, ஜல்தியா உள்ள நடங்க" என்றார். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து திரைக்குப் பின்னால் போனோம். எனக்குப் புது ஜோடியாக வரவேண்டிய கணக்கு வாத்தியார் கையை நீட்டியபடி தனியாக நின்றார்.

மஹிமா முகத்தில் ரத்தமில்லை. தாளாளர் எழுந்து மைக்கை வாங்கினார். "ரெண்டு பிணைப்பு சட்டுனு பிரியும், மூணு அவ்ளோ லேசுல பிரியாதுன்னு பெரியவங்க ரெண்டு பேரும் இயல்பா நடிச்சுக் காட்டினாங்க" என்றார். ஒரே கைதட்டல். வேலை நிரந்தரம் என்று நேற்று சொல்லிவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் நாங்கள் ஒரே பெஞ்சில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தோம். கத்தரிக்கோல் வந்தது, நல்ல துண்டு, நானே அவிழ்க்கிறேன் என்று அவர் தடுத்துவிட்டார். அவிழ்த்துக்கொண்டே, மகள் ராதிகாவுக்கு ஆண் குழந்தை பிறந்ததைச் சொன்னார். "பக்கத்து வூட்ல இருந்துகினு உங்களாண்ட சொல்லல, பேஜாராத்தான் இருந்துச்சு." குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். இப்படி மாட்டிக்கொண்டால் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் சூடு காட்டிப் பிரிப்பீர்களாமே, எங்களிடம் அந்த வசதி இல்லாமல் போனது நல்லது.

காதை மூடாமல் வெளியே போகாதே. மஹிமா வீடியோ அனுப்புவாள், விசில் வரைக்கும் பார், அதற்கு மேல் பார்ப்பது பெற்றவனுக்கு மரியாதை ஆகாது. உன் புரொபசருக்குக் காட்டவே வேண்டாம். நோய் நொடியின்றி, நினைத்தது கைகூடி, நிறைவாக இரு.

உன் அப்பா,
அனந்தகுமார்.

பி.கு.: வீடியோவை அவள் அன்றைக்கே அனுப்பிவிட்டாளாம், நீயும் உன் புரொபசரும் சேர்ந்து பார்த்தீர்களாம். அம்மா இப்போதுதான் சொல்கிறாள்.